சின்ன விமானம் இறங்கும்போது ஏன் விழுகிறது? குன்னூரில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்காவது ஒரு சின்ன விமானமோ ஹெலிகாப்டரோ விழுந்த செய்தி வந்தால் போதும், பெட்போர்டு டீக்கடையில் ஆரம்பித்துக் கல்யாணப் பந்தி வரைக்கும் எனக்குக் கேள்விதான். விமானப் படையில் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கேட்கிறார்கள். 2021 டிசம்பரில் பக்கத்து நஞ்சப்பசத்திரத்தில் விமானப் படை ஹெலிகாப்டர் விழுந்த பிறகு நம் மலையில் இந்தப் பேச்சு ஓயவே இல்லை. ஒரே பதிலை வாயால் சொல்லிக்கொண்டிருப்பதற்கு எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். நான் பைலட் இல்லை. விமானத்தைப் பிரித்துப் பார்த்த ஆள், விசாரணை அறிக்கைகளை ஆர்வமாகப் படிக்கிற ஆள். அவ்வளவுதான்.

சார்ட்டர் விமானம்னு சொல்றாங்களே, கோயம்புத்தூருக்கு வர்ற இண்டிகோவுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

இண்டிகோவில் நீங்கள் ஒரு சீட்டை வாங்குகிறீர்கள். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் அது தன் நேரத்துக்குக் கிளம்பும். சார்ட்டரில் பைலட்டோடு சேர்த்து முழு விமானத்தையும் வாடகைக்கு எடுக்கிறீர்கள். நேரமும் ஊரும் உங்கள் விருப்பம். இந்தியாவில் இதை நடத்த விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., தனி அனுமதி தருகிறது. பெரும்பாலும் ஆறிலிருந்து இருபது பேர் வரை போகக்கூடிய சின்ன ஜெட், அல்லது இரட்டை இன்ஜின் புரொபெல்லர் விமானம்.

வித்தியாசம் விமானத்தின் அளவில் மட்டும் இல்லை. பெரிய கம்பெனி பைலட் அதே பத்து ஊர்களுக்கு வருடம் முழுக்கப் போய்வருகிறார். அவருக்குப் பின்னால் வானிலை பார்க்க, எரிபொருள் கணக்குப் போட, 'இன்றைக்குப் போகாதே' என்று சொல்ல ஒரு அலுவலகமே உட்கார்ந்திருக்கிறது. சார்ட்டர் பைலட் முன்பின் பார்க்காத ஒரு சின்ன ஓடுதளத்துக்கு, சாயங்கால வெளிச்சத்தில், முதல் தடவையாகப் போக வேண்டி வரலாம். இன்னொரு வித்தியாசம், பணம் கொடுத்தவர் அவருக்கு நாலடி பின்னால் உட்கார்ந்திருக்கிறார். அதன் கதை கீழே வரும்.

மேல 30,000 அடியில போறப்போ ஒண்ணும் ஆகலை. தரைகிட்ட வந்து ஏங்க விழணும்?

உயரம் என்பது பைலட்டுக்குக் கையில் இருக்கும் நேரம். மேலே ஏதாவது தப்பாகப் போனால் யோசிக்க, சரி செய்ய நிமிடக்கணக்கில் நேரம் உண்டு. இறங்கும்போது கைவசம் இருப்பது சில விநாடிகள். வேகமும் குறைவாக இருக்கும், ஏனென்றால் குறைத்தால்தான் இறங்க முடியும்.

அந்த நேரத்தில்தான் வேலையும் குவிகிறது. சக்கரத்தை இறக்க வேண்டும், ஃபிளாப் (இறக்கையின் பின்பக்கத் தகடு) வைக்க வேண்டும், ரேடியோவில் பதில் சொல்ல வேண்டும், காற்றின் திசையைப் பார்க்க வேண்டும், வெளியே ஓடுதளத்தையும் தேட வேண்டும்.

டிவியில 'அப்ரோச்', 'மினிமம்'னு சொல்றாங்களே, அப்படின்னா என்னங்க?

இது ஒன்று புரிந்துவிட்டால் மற்ற கேள்விகளில் பாதி தானாகத் தீர்ந்துவிடும். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் எந்தத் திசையிலிருந்து, எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் வர வேண்டும் என்று அச்சிட்ட வரைபடம் இருக்கும். அந்த வழியில் இறங்கி வருவதுதான் அப்ரோச். அதே வரைபடத்தில் ஒரு உயரம் குறித்திருக்கும், அதுதான் மினிமம், குறைந்தபட்ச உயரம். மேகத்துக்குள் இருந்தாலும் கருவிகளை நம்பி அந்த உயரம் வரை இறங்கலாம். அங்கே வந்தபின் ஓடுதளமோ அதன் விளக்குகளோ கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் இறங்கலாம். தெரியவில்லை என்றால், குறித்த இடம் வந்ததும் இன்ஜினை முழுக்கக் கொடுத்து மேலே ஏறிவிட வேண்டும். இந்த ஏறிப்போவதைத்தான் 'கோ-அரவுண்ட்' என்கிறார்கள். 'இன்னும் ஐம்பது அடி இறங்கிப் பார்க்கலாம்' என்பதற்கு அங்கே இடமே கிடையாது. அந்த எண்ணைப் போட்டவர்கள் சுற்றியிருக்கும் மலை, மரம், டவர், மின்கம்பி எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

நம் ஆட்களுக்குத் தெரிந்த ஒரு பெயரைச் சொல்கிறேன். மோகன் குமாரமங்கலம், அப்போது மத்திய அமைச்சர். 1973 மே 31 அன்று சென்னையிலிருந்து டெல்லி போன இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 737 பாலம் விமான நிலையத்தில் இறங்க வந்தபோது புழுதிப்புயலில் வெளியே சரியாகத் தெரியவில்லை. ஓடுதளம் கண்ணில் படாமலே அந்தக் குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே போய், உயர் அழுத்த மின்கம்பியில் மோதியது. 65 பேரில் 48 பேர் இறந்தார்கள், அவரும் அதில் ஒருவர். அது சார்ட்டரும் இல்லை, சின்ன விமானமும் இல்லை. ஆனால் விழுந்த விதம் அதேதான்.

இவ்வளவு மிஷின் இருக்கு, ஜி.பி.எஸ். இருக்கு. மேகத்துல கண்ணு தெரியலைன்னா என்ன இப்போ?

கருவிகள் எல்லா இடத்திலும் ஒரே தரத்தில் இல்லை. பெரிய விமான நிலையங்களில் ஐ.எல்.எஸ். என்ற அமைப்பு ரேடியோ கற்றை மூலம் இடது வலதும் சொல்லும், எவ்வளவு சரிவில் இறங்க வேண்டும் என்பதையும் சொல்லும். அங்கே தரைக்கு 200 அடி வரைகூட மேகத்துக்குள் வரலாம். சின்ன ஓடுதளங்கள் பலவற்றில் திசை மட்டும்தான் கிடைக்கும், சரிவை பைலட்டே கணக்குப் பார்க்க வேண்டும். சிலவற்றில் அதுவும் இல்லை, முழுக்கக் கண்ணால் பார்த்தே இறங்க வேண்டியதுதான். செயற்கைக்கோள் வழி அப்ரோச் இப்போது பரவி வருகிறது. ஆனால் அதற்கும் மேலே சொன்ன குறைந்தபட்ச உயரம் உண்டு.

உயரத்தைக் காட்டும் ஆல்டிமீட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது அடியை நேராக அளப்பதில்லை, காற்றழுத்தத்தை அளந்து அடியாகக் காட்டுகிறது. அதன் முகப்பில் ஒரு சின்ன ஜன்னல், பக்கத்தில் ஒரு திருகு. அந்த ஊரின் அன்றைய அழுத்தத்தை விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லும், பைலட் திருகி வைப்பார். ஒரு ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) தப்பாக வைத்தால் சுமார் 30 அடி தப்பாகக் காட்டும். பத்து தப்பினால் 300 அடி. தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் மரத்தைவிட அது அதிகம்.

நீங்க அடிக்கடி சொல்ற அமெரிக்க மலை விபத்து என்னது? நம்ம ஊட்டி உயரம்னு சொன்னீங்களே?

ஆஸ்பென். கொலராடோ மாநிலத்தில் பனிச்சறுக்குக்குப் பேர்போன ஊர். அங்குள்ள விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,380 மீட்டர், ஊட்டியைவிடக் கொஞ்சம் மேலே. மூன்று பக்கமும் மலை. 2001 மார்ச் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் 3 சார்ட்டர் ஜெட் 15 பயணிகளோடும் மூன்று பணியாளர்களோடும் அங்கே கிளம்பியது. சார்ட்டர் விபத்து என்றால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன், ஏனென்றால் இதில் எல்லாமே இருக்கிறது.

அந்த விமானம் இருட்டிய பிறகு ஆஸ்பெனில் இறங்கக் கூடாது. சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிட வேண்டும், அதாவது மாலை 6.58. பயணிகள் தாமதமாக வந்ததால் புறப்பாடு 41 நிமிடம் தள்ளிப்போனது. வானிலை மோசமானால் ரைஃபிள் என்ற பக்கத்து ஊரில் இறங்க வேண்டி வரலாம் என்ற பேச்சு எழுந்தது. வாடகைக்கு எடுத்தவருக்குக் கோபம். ஆஸ்பெனுக்குத்தான் போக வேண்டும் என்று தன் ஆட்கள் மூலம் கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினார். இதெல்லாம் விசாரணை அறிக்கையில் பதிவானது. கடைசி நேரத்தில் பயணி ஒருவர் காக்பிட்டிலேயே, பைலட்டுகளுக்குப் பின்னாலிருக்கும் கூடுதல் இருக்கையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

பனி தூறுகிறது, இருட்டிக்கொண்டு வருகிறது. முன்னால் போன விமானம் ஓடுதளம் தெரியாமல் ஏறிப்போனது ரேடியோவில் இவர்களுக்கும் கேட்கிறது. விளக்குகளை முழு வெளிச்சத்தில் வைத்திருக்கிறீர்களா என்று கோபுரத்திடம் கேட்கிறார்கள். ஆஸ்பெனில் அந்த அப்ரோச்சின் குறைந்தபட்ச உயரம் ஓடுதளத்துக்கு மேலே 2,000 அடிக்கும் அதிகம், மலைகள் அப்படி. அதற்குக் கீழே இறங்கினார்கள். 7.02 வாக்கில், ஓடுதள முனைக்கு சுமார் 2,400 அடி முன்னாலேயே, மலைச்சரிவில் மோதியது. 18 பேரும் இறந்தார்கள். இன்ஜின், இறக்கை எதிலும் கோளாறு இல்லை.

விசாரித்த அமெரிக்க வாரியம் முதல் காரணமாகச் சொன்னது, ஓடுதளம் தெரியாமல் குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே போனது. துணைக் காரணங்களில் வாடகைக்கு எடுத்தவர் கொடுத்த அழுத்தத்தையும் தாமதத்தையும் இருட்டுத் தடையையும் எழுதியது. அரசையும் விடவில்லை. இரவில் அந்த அப்ரோச் கூடாது என்று இரண்டு நாள் முன்னால் வெளியிட்ட அறிவிப்பின் வாசகம் குழப்பமாக இருந்தது, அதை ஆஸ்பென் கோபுரத்துக்கே அனுப்பவில்லை என்றும் எழுதியது.

வாடகை கொடுத்தவர் "இறக்குய்யா"ன்னா பைலட் கேட்டுத்தான் ஆகணுமா?

ஆக வேண்டியதில்லை. இங்கேயும் சரி, அங்கேயும் சரி, சட்டப்படி விமானத்தின் பாதுகாப்புக்குக் கடைசி வார்த்தை கேப்டனுடையது. அமைச்சரே பின்னால் இருந்தாலும் அதில் மாற்றமில்லை.

ஆனால் யாரும் "இறக்குய்யா" என்று சொல்வதில்லை, அதுதான் விஷயம். "லேட் ஆகுமோ கேப்டன்?" என்பார்கள். "மேடையில் எல்லாரும் காத்திருக்காங்க" என்பார்கள். சொல்லாமலே வாட்சைப் பார்ப்பார்கள். திரும்பிப்போய் வேறு ஊரில் இறங்கினால் கார் ஏற்பாடு, ஓட்டல் செலவு, முதலாளியின் முகம் எல்லாம் பைலட்டின் மனதில் ஓடும். ஒரு தடவை 'ஏறிப்போய்விடலாம்' என்று முடிவெடுத்தவருக்கு அடுத்த மாதம் அதே வாடிக்கையாளர் வருவாரா என்ற பயமும் உண்டு. என் கருத்தைக் கேட்டால், சார்ட்டர் விபத்துகளில் பாதி வேலையை மேகம் செய்கிறது, மீதியை இந்தத் தயக்கம் செய்கிறது.

ஸ்டால் ஆயிடுச்சுன்னு போடுறாங்க. இன்ஜின் நின்னு போச்சா?

இல்லை. கார் ஸ்டால் ஆனால் இன்ஜின் நிற்கும், அதனால் வரும் குழப்பம் இது. விமானத்தில் ஸ்டால் என்றால் இறக்கை தூக்குவதை நிறுத்திவிட்டது என்று பொருள். வேகம் குறையக் குறைய, உயரத்தைக் காப்பாற்றப் பைலட் மூக்கைத் தூக்குவார். ஒரு கோணத்துக்கு மேல் போனதும் இறக்கையின் மேல்புறம் ஓடும் காற்று ஒட்டாமல் பிரிந்துவிடும். இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டே இருக்க, விமானம் கல் போல இறங்கும். மேலே இருந்தால் மூக்கைத் தாழ்த்தி மீளலாம். தரையிலிருந்து சில நூறு அடியில் மீள இடமில்லை.

இரண்டு சார்ட்டர் விபத்துகள் இப்படி. 2002 அக்டோபர் 25, மினசோட்டா மாநிலத்தின் எவெலெத் அருகே கிங் ஏர் ஏ100. செனட்டர் பால் வெல்ஸ்டோன், அவர் மனைவி, மகள் உட்பட 8 பேர் இறந்தார்கள். இரண்டு பைலட்டுகளும் ஓடுதளத்தின் திசையைப் பிடிப்பதில் கவனமாக இருந்து வேகம் விழுவதைப் பார்க்காமல் விட்டார்கள் என்றுதான் விசாரணையிலிருந்து புரிந்துகொள்ள முடிகிறது. இன்னொன்று 2015 நவம்பர் 10, ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரான். ஹாக்கர் ஜெட், 9 பேர். இறங்கும் முன் இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டியதை ஒழுங்காகப் பேசவில்லை, ஃபிளாப்பை உரிய நேரத்துக்கு முன்பே முழுக்க வைத்தார்கள், வேகம் செத்தது. விமானம் ஒரு அடுக்குமாடி வீட்டின் மேல் விழுந்தது. அந்த நேரத்தில் வீட்டில் யாரும் இல்லை.

தரை கிட்ட வந்துட்டா "புல் அப்"னு கத்துற மிஷின் இருக்கே?

இருக்கிறது, உயிர்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. புதிய வகை, செயற்கைக்கோள் இடக்குறிப்போடு உலகத்தின் மலை வரைபடத்தையே உள்ளே வைத்திருக்கும். முன்னால் மலை வருகிறது என்று முன்கூட்டியே சொல்லும். பழைய வகை கீழே இருக்கும் தரையை மட்டும்தான் பார்க்கும், அதனால் செங்குத்தான மலை எதிரே வந்தால் தாமதமாகத்தான் கத்தும். சின்ன விமானங்கள் எல்லாவற்றிலும் இது கட்டாயமும் இல்லை.

ஒரு சங்கடம் உண்டு. மலை நடுவே இருக்கும் ஓடுதளத்தில் சரியாக இறங்கும்போதும் சில சமயம் இது கத்தும். பத்து தடவை சும்மா கத்தியதைக் கேட்டவர் பதினொன்றாவது தடவை எப்படி எடுத்துக்கொள்வார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்போ நஞ்சப்பசத்திரத்துல விழுந்ததும் இதே கதைதானா மாமா?

கிட்டத்தட்ட. ஆனால் அது சார்ட்டர் இல்லை, விமானப் படையின் எம்.ஐ.-17 வி5 ஹெலிகாப்டர். 2021 டிசம்பர் 8 அன்று காலை 11.48க்கு சூலூரிலிருந்து கிளம்பி 12.15க்கு வெலிங்டனில் இறங்க வேண்டியது. 12.08 வாக்கில் தொடர்பு அறுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், அவர் மனைவி மதுலிகா உட்பட 14 பேர். 13 பேர் அன்றே போய்விட்டார்கள். பிழைத்திருந்த குரூப் கேப்டன் வருண் சிங் டிசம்பர் 15 அன்று பெங்களூரு ராணுவ மருத்துவமனையில் இறந்தார்.

2022 ஜனவரியில் முப்படை விசாரணைக் குழுவின் முதற்கட்ட முடிவு வந்தது. இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, அலட்சியமும் இல்லை. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, பைலட்டுக்குத் திசை உணர்வு தடுமாறியது, நல்ல நிலையில் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே தரையில் மோதியது என்றார்கள். பிறகு 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையில் இந்த விபத்தின் காரணம் 'மனிதத் தவறு, விமானப் பணியாளர்' என்று ஒரு வரியில் வந்தது. 'முதலில் அலட்சியம் இல்லை என்றீர்கள், இப்போது தவறு என்கிறீர்கள்' என்று பலர் சண்டைக்கு வந்தார்கள். இரண்டும் முட்டிக்கொள்ளவில்லை. கவனமாக இருக்கும் மனிதனின் உடம்பும் மேகத்துக்குள் ஏமாறும். காகிதத்தில் அதற்கு இருக்கும் கட்டத்தின் பெயர் மனிதத் தவறு.

டிசம்பர் மாதத்தில் குன்னூர், கோத்தகிரி பக்கம் எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவக்காற்று கீழிருந்து ஈரத்தைத் தள்ளிக்கொண்டு வரும். காட்டேரிப் பள்ளத்தாக்கு பளிச்சென்று இருக்கும்போதே அடியிலிருந்து மிஸ்ட் கிளம்பி ஐந்து நிமிடத்தில் ரயில் பாதையை மூடிவிடும். பர்லியாறு தாண்டி அப்படி மாட்டிக்கொண்டால் நாம் ஃபாக் லைட்டைப் போட்டு, வெள்ளைக் கோட்டைப் பிடித்து ஊர்ந்து வருவோம், முடியாவிட்டால் ஓரம் கட்டுவோம். வானத்தில் ஓரம் கட்ட இடமில்லை.

திசை தடுமாறும்னா? இவ்வளவு டிரெய்னிங் எடுத்தவருக்கு மேலே கீழே தெரியாதா?

தெரியாது, யாருக்கும் தெரியாது. நம் சமநிலையைச் சொல்வது காதுக்குள் இருக்கும் திரவம். மெதுவாக ஒரு பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தால் பத்து இருபது விநாடியில் அந்தத் திரவம் அடங்கிவிடும், உடம்பு 'நேராகத்தான் போகிறோம்' என்று சொல்லும். அப்புறம் கருவியைப் பார்த்து நேராக்கினால் உடம்பு 'எதிர்ப்பக்கம் சாய்கிறோம்' என்று கத்தும். சாதாரணமாகக் கண் அடிவானத்தைப் பார்த்து இந்தப் பொய்யைத் திருத்திவிடும். மேகத்தில் அடிவானம் இல்லை.

பயிற்சி என்பது உடம்பு சொல்வதை நம்பாமல் கருவியை நம்பப் பழகுவது. கண்ணால் பார்த்துப் பறந்துகொண்டிருந்தவர் திடீரென்று கருவிக்கு மாற சில விநாடி ஆகும். மலைக்குப் பக்கத்தில் அந்தச் சில விநாடியைத்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பெரிய ஆள் இறந்தா மட்டும் எப்பவும் மேகம், பனின்னு சொல்லிடறாங்க. சதி இல்லைன்னு எப்படி நம்புறது?

கேட்பதில் தப்பில்லை. வெல்ஸ்டோன் இறந்தது தேர்தலுக்கு 11 நாள் முன்னால், அங்கேயும் இதே பேச்சு வருடக்கணக்கில் ஓடியது. ஆனால் சதியும் விபத்தும் உடைசலில் ஒரே மாதிரி இருப்பதில்லை. வெடி வைத்தால் உலோகத்தில் துளையும் சுருளும் தனி விதமாக இருக்கும், துண்டுகள் பல கிலோமீட்டர் சிதறும். ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் தரையில் மோதினால் அதன் விசிறி இதழ்கள் சுழலும் திசைக்கு எதிராக வளையும். நின்ற இன்ஜினில் அப்படி வளையாது. எச்சரிக்கை விளக்கின் குட்டி பல்பைக்கூட உருப்பெருக்கியில் பார்ப்போம். எரியும்போது அடிபட்டால் அதன் இழை நீண்டு தொய்ந்துவிடும், எரியாதபோது அடிபட்டால் உடையும். அதை வைத்தே அந்த விளக்கு எரிந்ததா என்று சொல்லலாம்.

நம் ஊர் விஷயத்தில் சந்தேகம் வளர இன்னொரு காரணம் உண்டு. சிவில் விமானம் விழுந்தால் ஏ.ஏ.ஐ.பி. என்ற விபத்துப் புலனாய்வு அமைப்பு விசாரித்து முழு அறிக்கையை எல்லோரும் படிக்கும்படி வெளியிடுகிறது. ராணுவ விமானம் என்றால் படைக்குள்ளேயே விசாரணை நீதிமன்றம் அமைத்து, முடிவை மட்டும் சொல்வார்கள். சுருக்கம் கொடுத்தால் மீதியை டீக்கடை எழுதிக்கொள்ளும். அதற்கு டீக்கடையைக் குறை சொல்ல மாட்டேன்.

கருப்புப் பெட்டியைப் பார்த்தா ஒரே நாள்ல தெரிஞ்சிடாதா?

முதலில் அது ஆரஞ்சு நிறம். இரண்டாவது, எல்லாச் சின்ன விமானங்களிலும் அது இருப்பதில்லை. வெல்ஸ்டோன் போன விமானத்தில் குரல் பதிவுக் கருவி கிடையாது. இருந்தாலும் நெருப்பில் வெந்ததைத் திறந்து, தகவலை மீட்டு, ரேடார் பதிவோடும் உடைசலோடும் பொருத்திப் பார்க்க வேண்டும். சர்வதேச நடைமுறைப்படி முதற்கட்ட அறிக்கைக்கு 30 நாள், முழு அறிக்கைக்கு முடிந்தால் ஒரு வருடம். மறுநாளே காரணம் சொல்லும் சேனலைப் பார்த்தால் ரிமோட்டைத் தேடுங்கள்.

அறிக்கை வந்தா தப்பு பண்ணவங்களுக்குத் தண்டனை கிடைக்குமா?

அந்த அறிக்கை அதற்கு இல்லை. மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்பதுதான் அதன் வேலை, யார் மேலும் பழி போடக் கூடாது என்பது விதி. போலீஸ் வழக்கும் நஷ்ட ஈட்டு வழக்கும் தனிப் பாதை.

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ ஒரு ஏர்போர்ட் வந்தா நல்லாத்தானே இருக்கும்?

டாக்சிக்காரர்கள் கேட்கும் கேள்வி. இடம்தான் முதல் சிக்கல். ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குச் சமமான நிலம், இரண்டு முனையிலும் மலை இல்லாமல், இங்கே எங்கே இருக்கிறது? சிம்லாவிலும் குலுவிலும் மலையில் விமான நிலையம் இருக்கிறது, வானிலையால் சேவை ரத்தாவதும் அங்கே சகஜம்.

இரண்டாவது காற்று. ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இன்ஜினுக்கும் பலம் குறையும், இறக்கைக்கும் பலம் குறையும். அதே கருவி வேகத்தில் வந்தாலும் தரைமேல் நிஜ வேகம் அதிகம், அதனால் நிற்க நீள ஓடுதளம் வேண்டும். கோ-அரவுண்ட் என்று மேலே சொன்னேனே, ஏறிப்போகும் வழியில் தொட்டபெட்டா நின்றால் எப்படி? கோவையில் இறங்கி மேட்டுப்பாளையம் வழியாக ஏறி வருவது இந்த மலைக்கு மோசமான ஏற்பாடு இல்லை என்பது என் அபிப்பிராயம். ஊட்டியில் தீட்டுக்கல் ஹெலிபேடு இருக்கிறது, அங்கே வரும் வி.ஐ.பி.க்களின் பயணமும் மிஸ்ட் ஏறினால் சாலை வழியாக மாறும். அதைச் செய்தித்தாளில் 'திடீர் மாற்றம்' என்று போடுவார்கள். அது திடீர் மாற்றம் இல்லை, சரியான முடிவு.

எங்க எஸ்டேட்டுல வந்து விழுந்தா நாங்க என்ன பண்ணணும்?

112க்கோ 108க்கோ கூப்பிடுங்கள், ஊர்ப் பெயரோடு எந்த ரோட்டிலிருந்து இறங்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். நம் பக்கத்தில் ஆம்புலன்ஸ் தடுமாறுவது அங்கேதான். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நில்லுங்கள். எரிபொருளும், எரியும் கார்பன் இழைத் துகளும் மூச்சுக்கு ஆகாது, துணியால் மூக்கை மூடுங்கள். உயிரோடு யாராவது வெளியே கிடந்தால் கம்பளியில் வைத்துத் தூக்கி அப்புறப்படுத்துங்கள். நஞ்சப்பசத்திரத்து மக்கள் குடத்தில் தண்ணீரும் வீட்டுப் போர்வையும் எடுத்துக்கொண்டு ஓடியது நாடே பார்த்தது.

ஆள் தூக்க அவசியமானதைத் தவிர ஒரு துண்டைக்கூட நகர்த்தாதீர்கள். ஞாபகத்துக்கு என்று பாக்கெட்டில் போட்டுக்கொள்ளும் பழக்கம் சட்டப்படி குற்றம், அந்தத் துண்டுதான் காரணத்தைச் சொல்வதாக இருக்கலாம். போனில் வீடியோ இருந்தால் குரூப்பில் போடுவதற்கு முன் போலீசிடம் காட்டுங்கள். 2021ல் ரயில் பாதையருகே எடுத்த, ஹெலிகாப்டர் மிஸ்ட்டுக்குள் மறையும் வீடியோ இருந்த போனைப் போலீசார் வாங்கித் தடயவியல் சோதனைக்கு அனுப்பினார்கள்.

பொண்ணு கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை ஹெலிகாப்டர்ல கூட்டிட்டு வரலாம்னு இருக்கோம். என்ன கேட்டுக்கணும்?

டி.ஜி.சி.ஏ. அனுமதி எண்ணைக் கேளுங்கள், தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். பைலட் எத்தனை பேர், இந்த மலையில் முன்பு பறந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். உங்கள் ஆயுள், விபத்துக் காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். அட்டவணைப்படி பறக்கும் விமானத்தில் கட்டணம் செலுத்திய பயணிக்கு மட்டும் என்று எழுதிய பாலிசிகள் உண்டு, வாடகை ஹெலிகாப்டர் அதில் அடங்காமல் போகலாம். முகூர்த்தத்துக்கு முந்தின நாளே வந்து இறங்கும்படி வையுங்கள். தாலி கட்டும் நேரத்துக்கு அரை மணி முன்னால் என்று வைத்தால், ஆஸ்பென் பைலட்டுக்கு இருந்த கடிகாரத்தை நீங்களே இவர் கையிலும் கட்டுகிறீர்கள்.

சரி, மேகம்னு சொல்லி பைலட் திரும்பிப் போயிட்டா எங்க காசு?

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். பறந்த நேரத்துக்குப் பெரும்பாலும் காசு பிடிப்பார்கள், வேறு இடத்தில் இறங்கினால் அந்தச் செலவும் உங்கள் தலையில் வரலாம். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைக் காட்டச் சொல்லிப் படியுங்கள். மேகம் இருந்தால் கோயம்புத்தூரில் இறங்கலாம், மேலே வர இன்னோவா ஒன்று அங்கே நிற்கிறது என்று முதல் நாளே பைலட்டிடம் நீங்களாகச் சொல்லுங்கள். அந்த இன்னோவாவுக்கு ஆகும் வாடகையைப் பந்தல் செலவில் எழுதிக்கொள்ளலாம்.